வைரஸ் தெரியவில்லை என்றால் மாத்திரை எதற்கு?

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 39. 2012-இல் கணவர் இறந்தபோது எனக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எச்ஐவி பாசிட்டிவ். அப்போது சிடி4 (வைரஸ் அழிக்கும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 870 இருந்தது. 350-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவந்தேன், ஒருபோதும் 700-க்குக் கீழே போனதில்லை. எல்லோருக்கும் மாத்திரை என்று ஆன பிறகு கவுன்சிலர் இரண்டு மூன்று தடவை போன் செய்தார். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று போகவில்லை. சிடி4 பார்ப்பதும் நின்றுபோனது. போன வருடமும் இந்த வருடமும் தனியார் லேபில் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பார்த்தேன். இரண்டிலும் வைரஸ் இல்லை. ஏஆர்டி சென்டர் (எச்ஐவி சிகிச்சை மையம்) டாக்டர் உடனே டிஎல்டி என்ற எச்ஐவி மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்கிறார். இல்லாத வைரஸுக்கு எதற்கு மருந்து என்கிறான் தம்பி. அர்ஜென்டினாவில் ஒரு பெண்ணுக்குத் தானாகவே குணமானது என்று படித்தேன், நானும் அப்படியா? தினமும் கீழாநெல்லி சாப்பிடுகிறேன், அதனாலா? என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான் டாக்டர். மாத்திரை போட்டால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது.

பி.கு.: என்னை மறுமணம் செய்துகொள்ள ஒருவர் கேட்கிறார். அவருக்குத் தொற்று இல்லை, என் விஷயம் தெரியும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

‘நான் ஜெயித்தது இது ஒன்றுதான்’ என்ற வரிக்காகவே தனியாகப் பதில் போடாமல் இங்கே எழுதுகிறேன். மருந்தில்லாமல் வைரஸை அடக்கிவைப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெற்றி என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சண்டை முடிந்திருந்தால் படை வீடு திரும்பியிருக்கும், தங்கச்சி. உங்கள் உடம்பின் படை பத்து வருஷத்துக்கு மேலாக எல்லையிலேயே நிற்கிறது. அதற்குச் சோறு போடுவது யார் என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை.

கீழாநெல்லியை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் தம்பிக்கு உங்கள்மேல் பாசம் இருக்கிறது, அது போதும். வைத்தியத்தில் அவர் வாயைத் திறக்க வேண்டாம்.

அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா ஊர்ப் பெண்ணைப் பற்றி நீங்கள் படித்தது உண்மை. 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவருடைய ரத்தத்திலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட அணுக்களையும், பிரசவத்தின்போது நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து கோடிக்கணக்கான அணுக்களையும் துருவிப் பார்த்தார்கள். பெருகக்கூடிய முழு வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் லொரீன் வில்லன்பெர்க்குக்கும் அப்படித்தான்: 1992-இல் தொற்று தெரிந்தவர், நூற்றைம்பது கோடி அணுக்களைப் பார்த்தும் முழு வைரஸ் இல்லை. உங்களுக்குப் பார்த்திருப்பது ஒரு டியூப் ரத்தத்தில், அதிலும் அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த எஸ்பெரான்சா பெண்ணே வயிற்றில் குழந்தை இருந்தபோது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். தோற்றுப்போனதாக அவர் நினைத்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இனி திட்டு. 2012-இல் உங்களை மாத்திரையில்லாமல் அனுப்பியது சரிதான், அன்றைய விதி அது. பிறகு அந்த எண்ணை 500 ஆக உயர்த்தினார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் 2017-இல் நம் அரசும் எண்ணையே எடுத்துவிட்டு, தொற்று உள்ள எல்லோருக்கும் சிகிச்சை என்று ஆக்கின. கவுன்சிலர் போன் செய்தது அதற்காகத்தான். நீங்கள் மாத்திரை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அது உங்கள் உரிமை. போவதையே நிறுத்தியதற்கு என்ன காரணம்? மாத்திரை போடாதவருக்குப் பரிசோதனை இன்னும் அடிக்கடி வேண்டும். நீங்களோ இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள். நடுவில் எத்தனை வருஷம்! அந்த வருஷங்களில் உங்கள் சிடி4 எங்கே போனது, எங்கே வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இது தைரியம் இல்லை, பயம். அந்தக் கட்டிடத்துக்குள் நுழைய வேண்டாம் என்கிற பயம். புரிகிறது. ஆனாலும் தப்புதான்.

முதலில் நீங்கள் மருந்தில்லாமல் அடக்கும் வகைதானா என்பதையே உறுதிப்படுத்த வேண்டும். மருந்தே இல்லாமல் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 காப்பிக்கு (வைரஸ் பிரதிக்கு)க் கீழே வைரஸை நிறுத்துபவர்கள் தொற்று உள்ளவர்களில் நூறில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். அப்படி ஒருவர் வந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்ஐவி-2 என்ற இன்னொரு வைரஸை. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது என்றாலும் மேற்கு, தென் இந்தியாவிலும் உண்டு. லேபுகளில் வழக்கமாகச் செய்யும் வைரல் லோடு டெஸ்ட் எச்ஐவி-1-ஐ மட்டுமே எண்ணும். எச்ஐவி-2 உள்ளவருக்கு அதே டெஸ்ட் எடுத்தால் ‘இல்லை’ என்றுதான் வரும், உடம்பு நிறைய வைரஸ் இருந்தாலும். அது மெதுவாக வளரும் வைரஸ் என்பதால் சிடி4-உம் பல வருஷம் நன்றாகவே இருக்கும். உங்கள் கதையோடு அப்படியே ஒத்துப்போகிறதா இல்லையா? எச்ஐவி பரிசோதனை செய்த நம்பிக்கை மையத்தின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். ஒன்றா, இரண்டா, இரண்டும் சேர்ந்தா என்று அதில் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் பிரித்துக் காட்டும் டெஸ்டைக் கேட்டுச் செய்யுங்கள். எஃபாவிரென்ஸ், நெவிரபின் என்ற பழைய எச்ஐவி மருந்துகள் இரண்டும் எச்ஐவி-2-இடம் பலிக்காது, டிஎல்டியில் இருக்கும் டோலுடெக்ராவிர் பலிக்கும். அதனால் டிஎல்டி போட்டால் இந்தக் குழப்பத்தில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் எந்த டெஸ்டை வைத்து உங்களைக் கவனிப்பது என்பதே மாறிவிடும்.

அந்த வைரல் லோடு தாளையும் இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள். ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று இருக்கிறதா, ‘20-க்குக் கீழே, டிடெக்டட்’ என்று இருக்கிறதா? முதலாவது, மெஷினுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்று பொருள். இரண்டாவது, தட்டுப்பட்டது ஆனால் எண்ண முடியாத அளவு. ‘வைரஸ் இல்லை’ என்று நீங்களாகச் சுருக்கி எழுதியிருக்கிறீர்கள், இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒன்று வீதம் இரண்டு ரிப்போர்ட் போதவும் போதாது. குறைந்தது ஒரு வருஷ காலத்தில் இடைவெளி விட்டு மூன்று தடவையாவது பார்த்து, மூன்றும் ஒரே மாதிரி வர வேண்டும்.

எல்லாம் சரி, நீங்கள் அந்த அபூர்வ வகைதான் என்றே வைத்துக்கொள்வோம். அடக்குவது யார்? சிடி8 என்னும் கொல்லி அணுக்கள். எச்.எல்.ஏ. பி57, பி27 என்ற மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம் நடக்கிறது. தொற்றிய அணு, தனக்குள் இருக்கும் வைரஸின் துண்டு ஒன்றை வெளியே தூக்கிக் காட்டும். எந்தத் துண்டைக் காட்டுவது என்பதை இந்த மரபணு தீர்மானிக்கிறது. பி57 காட்டுவது வைரஸின் உட்கூட்டைக் கட்டும் காக் புரதத்தின் துண்டு. அந்த இடத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்த்தால் கூடே சரியாக அமையாது, வைரஸ் நொண்டியாகிவிடும். பி57 இருந்தும் அடக்க முடியாதவர்கள் நிறைய உண்டு, இல்லாமலே அடக்குபவர்களும் உண்டு. ஆனால் இந்த மரபணுவுக்கு ஒரு நடைமுறை விளைவு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கொல்லி அணுக்களால் எல்லா இடத்துக்கும் போக முடிவதில்லை. நெறிகட்டும் இடங்களில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குள், எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்கள் திரண்டிருக்கும் அறைகளுக்குள் சிடி8 அணுக்கள் அவ்வளவாக நுழைவதில்லை. அங்கே சிடி4 என்னும் உதவி அணுக்களில் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும். வைரஸை அடக்கிய குரங்குகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். குடல் சுவரிலும் இந்தக் கதைதான். உங்கள் கை நரம்பில் எடுத்த ரத்தத்துக்கு இது எதுவும் தெரியாது. சிடி8 அணுக்களுக்குத் தெரியும், அதனால்தான் அவை ஓய்வதில்லை.

ஆகவே, தயவுசெய்து அடுத்த முறை சிடி4-ஐ மட்டும் கேட்டு வராதீர்கள். பல இடங்களில் அந்த ஒரு எண்தான் அச்சாகி வரும். ‘சிடி8-உம் விகிதமும் வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள். சிடி4-ஐ சிடி8-ஆல் வகுத்தால் வருவது விகிதம். தொற்று இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் 1-க்கு மேல் இருக்கும். உங்களுக்குச் சிடி4 720, சிடி8 1400 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 720-ஐப் பார்த்து எல்லோரும் கைகுலுக்குவார்கள். வகுத்தால் 0.51. உங்கள் உடம்பு இரவு பகலாகப் படை திரட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த 0.51 ஒரு குறி. வைரல் லோடு ‘இல்லை’ என்றும் சிடி4 ‘நன்று’ என்றும் சொல்லும்போது, இந்த விகிதம் உள்ளே நடப்பதைக் கோடிகாட்டும். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் தகும். சிடி4 காய்ச்சல் வந்தால் இறங்கும், காலையில் ஒன்று மாலையில் ஒன்று இருக்கும், லேபுக்கு லேப் மாறும். விகிதம் அப்படித் துள்ளுவதில்லை. ஒரே லேபில், ஒரே நேரத்தில் எடுத்த மூன்று விகிதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், திசை தெரிந்துவிடும்.

திரட்டிக்கொண்டே இருப்பதால் என்ன நஷ்டம் என்பீர்கள். அழற்சி. மருந்தில்லாமல் அடக்குபவர்களின் டி அணுக்கள் (சிடி4, சிடி8 இரண்டும் இந்த இனம்தான்), மாத்திரை சாப்பிட்டு அடக்குபவர்களுடையதைவிட அதிகமாகக் கிளர்ந்திருப்பதை 2008-லேயே அளந்து காட்டினார்கள். கழுத்து ரத்தக் குழாயின் சுவர் தடித்திருப்பதையும் கண்டார்கள். வைரஸ் தெரியாமலேயே சிடி4 தேய்ந்து போனவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேரும் கணக்கை எடுத்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயக் கோளாறால் அதிகம் சேர்கிறார்கள் என்றது ஒன்று, வித்தியாசமே இல்லை என்றது வேறொன்று.

சிட்னியில் ஒரு ரத்ததானக் கொடையாளியும் அவருடைய ரத்தம் ஏற்றப்பட்ட எட்டுப் பேரும் இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது நெஃப் என்ற மரபணு அறுந்துபோன முடமான வைரஸ். பத்து வருஷத்துக்கு மேல் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை, தடுப்பூசிக்கே இது வழி என்று கொண்டாடினார்கள். 1999-இல் கொடையாளி உட்பட மூன்று பேருக்குச் சிடி4 இறங்கிவருவது தெரிந்தது. முட வைரஸ்கூட நின்று நிதானமாகத் தின்னும். உங்கள் 13 வருஷத்தை வைத்து 30 வருஷத்தைக் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாத்திரை கொடுத்தால் அழற்சி அடங்குமா? ஓரளவு. இப்படி அடக்கும் பதினாறு பேருக்கு ரால்டெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த சிகிச்சையை 24 வாரம் கொடுத்தபோது, சாதாரண டெஸ்டுக்குத் தட்டாத நுண்ணளவு வைரஸும் குறைந்தது, டி அணுக்களின் கிளர்ச்சியும் குறைந்தது. அப்படியானால் மருந்துக்கு முன்பு அங்கே வைரஸ் பெருகிக்கொண்டுதான் இருந்தது என்று ஆகிறதல்லவா? 2019-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 35 பேருக்கு ரில்பிவிரின் என்ற மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. அதிலும் கிளர்ச்சி குறைந்தது, உடம்பு முன்பைவிடத் தெம்பாக இருப்பதாகவும் சொன்னார்கள். ஆனால் ரத்தத்தில் கரைந்திருக்கும் அழற்சிக் குறியீடுகள் அசையவில்லை. மாரடைப்பையோ மரணத்தையோ எண்ணும் அளவுக்குப் பெரிய சோதனை இந்த வகையினரிடம் நடந்ததில்லை. சிகிச்சையை எப்போது தொடங்குவது என்று பார்த்த ஸ்டார்ட் என்ற சோதனையில் 4,685 பேர், சீக்கிரம் தொடங்கியவர்களுக்குக் கடும் நோய் 57 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களின் வைரல் லோடு நடுமதிப்பு 12,000-க்கு மேல். அதை அப்படியே உங்கள்மேல் போர்த்த முடியாது. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டிகள் உங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பது இதனால்தான்: வைரஸ் தொடர்ந்து தெரியாமலும் சிடி4 இறங்காமலும் இருந்தால் நெருக்கமாகக் கண்காணித்துக் காத்திருக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கதவு கிடையாது, எல்லோருக்கும் மாத்திரை. உங்கள் டாக்டர் சொன்னது விதிப்படி சரி. என் தீர்ப்பும் அதுவே. பலன் உறுதியாக நிரூபிக்கப்படவில்லைதான். ஆனால் காத்திருக்கும் வழிக்குத் தேவையான ஒழுங்கு உங்களிடம் இல்லை, அதை நீங்களே கடிதத்தில் காட்டிவிட்டீர்கள்.

காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைரல் லோடு, பிறகு ஆறு மாதத்தைத் தாண்டாமல். அதோடு சிடி4, சிடி8. வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். வைரஸ் இரண்டு தடவை தொடர்ந்து தெரிந்தால், சிடி4 படிப்படியாக இறங்கினால், காசநோயோ மஞ்சள்காமாலை பி-யோ (ஹெபடைட்டிஸ் பி) இருந்தால், கர்ப்பம் என்றால் காத்திருப்பு முடிந்தது, மாத்திரைதான். ஏஆர்டி சென்டரில் வைரல் லோடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கான டெஸ்ட். வெளியே நின்று காத்திருப்பவர் ஒவ்வொரு தடவையும் கைக்காசு போட வேண்டும்.

தொடங்குவது என்றால், முதல் மாத்திரைக்கு முன்னால் சிடி4, சிடி8 டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரல் லோடு இறங்குவதை வைத்துச் சொல்வோம். உங்களுக்கு ஏற்கெனவே தரையில் இருக்கிறது, இனி இறங்க இடமில்லை. ஆகவே முன்பு எடுத்த விகிதம்தான் உங்கள் கைக்கெட்டும் அளவுகோல். அது இல்லாமல் தொடங்கினால் பலன் இருந்ததா என்று ஆயுசுக்கும் தெரியாது. மாத்திரையைத் தவறவிட்டாலும் வைரல் லோடு உடனே காட்டிக்கொடுக்காது, ஆகவே உங்களை நீங்களேதான் ஏமாற்ற முடியும். கூடவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ஹெபடைட்டிஸ் பி, சி, இருமல் காய்ச்சல் எடைக்குறைவு இரவு வியர்வை உண்டா என்ற விசாரணை. ஹெபடைட்டிஸ் பி இருந்தால் டிஎல்டி அதற்கும் மருந்து, பிறகு திடீரென்று நிறுத்தினால் ஈரல் கொதிக்கும்.

டிஎல்டி என்பது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள். முதல் மாதத்தில் கிரியேட்டினின் சின்ன அளவு ஏறும். அது டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தின் ஒரு வாசலை அடைப்பதால், சிறுநீரகம் கெட்டதால் அல்ல. தொடர்ந்து ஏறினால்தான் டெனோஃபோவிரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது அதை எடுத்துவிட்டு அபகாவிர் என்ற வேறு மருந்தைப் போட நினைப்பார்கள். மரபணு விஷயம் இங்கேதான் வருகிறது. வைரஸை அடக்குபவர்களிடம் அதிகம் காணும் பி57 குடும்பத்தில் பி*57:01 என்ற வகை உள்ளவருக்கு அபகாவிர் கொடுக்கக்கூடாது. முதல் ஆறு வாரத்துக்குள் ஒவ்வாமையால் காய்ச்சல், தடிப்பு, வாந்தி வரலாம். நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் உயிரே போகலாம். உங்களுக்கு யாராவது அபகாவிர் எழுதினால், ‘பி57:01 பார்த்தீர்களா’ என்று கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஒன்று, சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் டிஎல்டி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்றவற்றுக்குச் சாப்பாட்டுச் சலுகையும் கிடையாது, அதே இரண்டு, ஆறு கணக்குதான்.

மறுமணத்தைப் பின்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். சந்தோஷமான செய்தி, கடிதத்தின் தலையில் இருந்திருக்க வேண்டியது. வைரஸ் தெரியாத அளவில் இருந்தால் உடலுறவில் தொற்றாது என்பது உண்மை. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஜோடிகளைப் பார்த்த பார்ட்னர் ஆய்வில் ஆயிரக்கணக்கான தடவை ஆணுறை இல்லாத உறவிலும் துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் மாத்திரை சாப்பிட்டவர்கள். தானாக அடக்குபவருக்கு அந்த உத்தரவாதத்தை யாரும் எழுதித் தரவில்லை. பிடி எந்த மாதம் நழுவும் என்று முன்கூட்டித் தெரியாது. அவருக்காக மட்டுமே கேட்டால்கூட என் பதில் மாத்திரைதான். குழந்தை ஆசை இருந்தால் பேச்சே இல்லை, கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். டோலுடெக்ராவிரால் சிசுவுக்கு முதுகுத்தண்டுக் குறை வருமோ என்று 2018-இல் போட்ஸ்வானாவில் எழுந்த பயம், மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டது.

அடுத்த வாரம் அந்தக் கவுன்சிலருக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவர் கோபிக்க மாட்டார். பழைய சிடி4 தாள்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, சிடி4, சிடி8 இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.